எஞ்சியோர் கூற்றும் இரசிகர் எதிர்பார்ப்பும்: ஹாலிவுட் நட்சத்திரங்களின் தொலைக்காட்சி நேர்காணல்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஹாலிவுட்டின் ஸ்டுடியோக் காலத் திரைப்படங்களை இன்றும் விரும்பிப் பார்ப்போர், அக்காலத்து நடிகர்களுள் எஞ்சியிருப்போரைத் தொலைக்காட்சி நேர்காணலில் காண வேண்டும் என்னும் விருப்பத்தைத் தொடர்ந்து வெளிப்படுத்தி வருகின்றனர். இவ்விருப்பத்தில் விடைபெறும் ஆவலும் அறியும் ஆவலும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன. முன்னதை நிறைவுசெய்வதில் வெற்றிபெற்ற தொலைக்காட்சி, பின்னதைப் பெரும்பாலும் தற்செயலுக்கு விட்டுவிட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் கேட்போர், களன், காலம், எச்சம் ஆகிய உறுப்புகள் இத்திறனாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஹாலிவுட், நட்சத்திரம், தொலைக்காட்சி நேர்காணல், இரசிகர், வாய்மொழி வரலாறு, சிறைப்புறம், எச்சம்.

முன்னுரை

ஸ்டுடியோக் காலம் என்பது ஏறத்தாழ 1920களில் தொடங்கி 1950களில் தளர்ந்த ஒரு தொழில்முறையைக் குறிக்கும். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் முதலிய அனைவரும் நீண்டகால ஒப்பந்தத்தின்கீழ் ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்தனர். திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்கள் திரையரங்குகளையும் தம் உடைமையாக வைத்திருப்பதற்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் வழங்கிய தீர்ப்பு இம்முறையின் அடித்தளத்தைத் தகர்த்தது. அத்தீர்ப்பு வந்தபோது 20 வயதினராக இருந்த ஒருவருக்கு 2024இல் 96 வயது. எனவே, அக்காலத்தைத் தம் அனுபவமாகப் பேசவல்லவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணத்தக்கதாகக் குறைந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் மட்டும் கிர்க் டக்ளஸ் 103ஆம் வயதிலும், ஒலிவியா டி ஹாவிலண்ட் 104ஆம் வயதிலும், குழந்தை நட்சத்திரமாக விளங்கிய ‘பேபி பெக்கி’ எனப்பட்ட டயானா செர்ரா கேரி 101ஆம் வயதிலும் மறைந்தனர்.

இத்தகைய ஒவ்வொரு மறைவின்போதும் இரசிகரிடையே எழும் வினா ஒன்றே: ‘இவரிடம் முறையாகப் பேசிப் பதிவுசெய்து வைத்தார்களா?’ இவ்வினா வெறும் ஏக்கமன்று. வரலாற்றுச் சான்றின் இழப்பு குறித்த கவலையும் அதில் அடங்கியுள்ளது. அக்கவலைக்குத் தொலைக்காட்சி அளித்த விடை எத்தகையது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

காணலும் அறிதலும்

நட்சத்திரம் என்பது ஒரு தனிமனிதர் மட்டுமன்று. திரைப்படங்கள், விளம்பரங்கள், செய்திகள், விமர்சனங்கள் ஆகியவை சேர்ந்து உருவாக்கும் படிமம் என்பதை ரிச்சர்ட் டயர் 1979இல் வெளியான ‘ஸ்டார்ஸ்’ என்னும் நூலில் நிறுவினார். 1940, 1950களில் ஹாலிவுட் படங்களைப் பார்த்த பிரித்தானியப் பெண்களின் நினைவுகளைக் கடிதங்கள் வழியாகத் திரட்டி ஆராய்ந்த ஜாக்கி ஸ்டேசி, ‘ஸ்டார் கேசிங்’ (1994) என்னும் நூலில், இரசிகரின் பற்று அவரவர் வாழ்க்கையோடு பின்னிப்பிணைந்தது என்பதைக் காட்டினார். நட்சத்திரத்தை நினைவுகூர்பவர் தம் இளமையையும் உடன் நினைவுகூர்கிறார்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கினால் இரசிகர் நேர்காணலை விரும்புவதன் இருமை விளங்கும். முதிர்ந்த நட்சத்திரத்தைத் திரையில் காண்பது, அவரிடமும் அவரோடு சேர்ந்த தம் காலத்திடமும் விடைபெறும் செயலாகிறது. புறத்திணை இலக்கணம் கூறும் கையறுநிலை, புரவலன் இறந்தபின் பாடப்படுவது. இரசிகரோ அவ்விரங்கலை நட்சத்திரம் வாழும்போதே தொடங்கிவிடுகிறார். ஆயினும் அவர் எதிர்பார்ப்பது அதனோடு முடிவதில்லை. படங்கள் எவ்வாறு உருவாயின, ஒப்பந்தங்கள் எவ்வாறு இயங்கின, திரைக்குப் பின்னால் யார் என்ன விலை கொடுத்தனர் என்பவற்றையும் அவர் அறிய விரும்புகிறார். முதல் விருப்பத்துக்கு நட்சத்திரம் தோன்றினாலே போதும். இரண்டாவது விருப்பத்துக்குச் சரியான வினாக்கள் வேண்டும்.

கேட்போர்: எதிரில் இருப்பவரும் சிறைப்புறத்தாரும்

அகப்பாடல்களில் தோழி தலைவியிடம் பேசுவாள். அப்பேச்சு சிறைப்புறமாக நிற்கும் தலைவன் கேட்க வேண்டும் என்பதற்காகவே அமைந்திருக்கும். தொலைக்காட்சி நேர்காணலும் இத்தகைய அமைப்புடையது. நட்சத்திரம் எதிரில் அமர்ந்திருப்பவரை நோக்கிப் பேசினாலும், கூற்றின் உண்மையான இலக்கு காட்சிக்கு அப்பால் இருக்கும் இரசிகரே. எனவே, நேர்காண்பவர் அவ்விரசிகரின் பிரதிநிதியாக இருப்பதா, வரலாற்றின் பிரதிநிதியாக இருப்பதா என்பது அடிப்படை வினாவாகிறது.

1994 ஏப்ரல் 14 அன்று டெட் டர்னர் தொடங்கிய டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசையின் முகமாக, தொடக்கம் முதல் 2017இல் மறையும்வரை விளங்கிய ராபர்ட் ஆஸ்போர்ன் இரசிகரின் பிரதிநிதியாகவே தம்மை அமைத்துக்கொண்டார். இளமையில் லூசில் பாலின் நிறுவனத்தில் நடிகராக ஒப்பந்தமாகிப் பின்னர் இதழாளராக மாறிய அவர், 1996 முதல் ‘பிரைவேட் ஸ்கிரீனிங்ஸ்’ என்னும் தொடரில் நட்சத்திரங்களோடு விரிவாக உரையாடினார். பணிவு, முன்னறிவு, அவசரமின்மை ஆகியவை அவர் முறையின் இயல்புகள். அந்தரங்கச் செய்திகளைத் தோண்டாமையால் பலர் அவரை நம்பி வந்தனர்.

இம்முறையின் சிறந்த பயனாக 2000இல் ஒளிபரப்பான பெட்டி ஹட்டன் நேர்காணலைக் குறிப்பிடலாம். 1940களில் பாரமவுண்ட் நிறுவனத்தின் முன்னணி நட்சத்திரமாக விளங்கிய ஹட்டன், பின்னர்ப் புகழையும் பொருளையும் இழந்து, ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் குருமனையில் சமையல் முதலிய பணிகள் செய்தவர். ‘ஆனி கெட் யுவர் கன்’ (1950) படத்தில் ஜூடி கார்லண்டுக்கு மாற்றாக நடிக்க வந்தபோது, எம்ஜிஎம் படப்பிடிப்புத் தளத்தில் தாம் எதிர்கொண்ட புறக்கணிப்பை அவர் இந்நேர்காணலில் வெளிப்படுத்தினார். திரையில் பெருகும் களிப்புக்கும் தளத்தில் நிலவிய பகைமைக்கும் இடையிலான தொலைவை எந்த விளம்பரக் குறிப்பும் பதிவு செய்திருக்க இயலாது. கடுமையான வினாக்களால் அன்றி, நம்பிக்கையால் பெறப்பட்ட சான்று இது.

ஆயினும் அதே முறையின் எல்லையும் கவனிக்கத்தக்கது. நட்சத்திரம் தாமே முன்வந்து பேசினால் மட்டுமே அம்முறை பயன்தரும். 1996இல் ஜேன் ரசலுடன் பங்கேற்ற ராபர்ட் மிச்சம் குறுகிய விடைகளோடு நிறுத்திக்கொண்டபோது, பணிவு மேற்செல்ல வழியின்றி நின்றது. மிச்சம் மறுஆண்டே மறைந்தார். விடாது தொடரும் வினா நாகரிகக் குறைவாகாது என்னும் புரிதல் அங்குத் தேவைப்பட்டது.

இதற்கு நிறுவனஞ்சார்ந்த காரணமும் உண்டு. 1986இல் எம்ஜிஎம் நிறுவனத்தை வாங்கிய டர்னர், விரைவில் அதனைக் கைவிட்டாலும் அதன் படத் தொகுப்பைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டார். 1950க்கு முந்தைய வார்னர் படங்களும் அதனுள் அடங்கும். அத்தொகுப்பே அலைவரிசையின் மூலதனம். நட்சத்திரத்தின் நேர்காணல் அத்தொகுப்பின் மதிப்பைக் கூட்டுகிறது. இவ்வாறு விளம்பரப் பிரிவு கலைந்த பின்னும் விளம்பரத்தின் தேவை நேர்காணலுக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. இதனை ஆஸ்போர்னின் தனிப்பட்ட குறையாகக் கருதுவது பொருந்தாது. களத்தின் தன்மையாகவே கொள்ள வேண்டும்.

களன்: அறையும் மேடையும்

நேர்காணல் நிகழும் இடம் கூற்றின் தன்மையை மாற்றுகிறது. 1973இல் டிக் கேவட் நிகழ்ச்சியில் பங்கேற்கத் தயங்கிய காதரின் ஹெப்பர்ன், ஒளிப்பதிவு அரங்கைப் பார்வையிட வந்தார். அங்கிருந்த பொருள்களைக் குறைகூறினார், மாற்றியமைக்கச் சொன்னார், பின்னர் அப்பொழுதே நேர்காணலைத் தொடங்கலாம் என்றார். பார்வையாளர் எவரும் அரங்கில் இல்லை. கைத்தட்டலுக்காகக் காத்திருக்க வேண்டாத அவ்வெறுமை அவருடைய பேச்சுக்கு இயல்பான ஓட்டத்தை அளித்தது. அதே வேளையில், அரங்கைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்த அச்செயலே தம் படிமத்தைத் தாமே இயக்கும் ஒரு நட்சத்திரத்தின் ஆற்றலையும் புலப்படுத்தியது.

2010இல் தொடங்கிய டர்னர் கிளாசிக் மூவீஸ் திரைப்பட விழா இதற்கு மாறான களனை உருவாக்கியது. இங்கு இரசிகர் சிறைப்புறத்தில் இல்லை, அரங்கிலேயே அமர்ந்திருக்கிறார். முதல் விழாவில் 100 வயதான லூயிஸ் ரெய்னர் மேடையேறினார். 1936, 1937ஆம் ஆண்டுப் படங்களுக்காக அடுத்தடுத்து இருமுறை சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்ற அவர், புகழின் உச்சியிலேயே எம்ஜிஎம் நிறுவனத்தைவிட்டு விலகியவர். அவரைக் கண்டதே அங்கிருந்தோர்க்கு நிறைவாயிற்று. 2012ஆம் ஆண்டு விழாவில் பதிவான கிம் நோவாக் நேர்காணலில், தமக்கு இருமுனை மனநோய் இருப்பதை அவர் கண்ணீருடன் வெளிப்படுத்தினார். கொலம்பியா நிறுவனம் பெயரை மாற்ற முற்பட்டபோது தம் குடும்பப் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்தவர் நோவாக். அத்தகையவரின் வாழ்வில் நிறுவனம் விளைவித்த அழுத்தத்தை அவருடைய உடல்மொழியே பேசியது.

எனினும் கூட்டத்தின் பரிவு இருமுனைக் கத்தி போன்றது. பேசுவதற்கு அது துணிவு தருகிறது. அடுத்த வினாவைக் கேட்பதற்குத் தடையாகவும் நிற்கிறது. ஆயிரம்பேர் எழுந்து நின்று கைதட்டும்போது, ‘அந்நாளில் இதனை அறிந்தவர் யார்? நிறுவனம் என்ன செய்தது?’ என்று தொடர்ந்து வினவுதல் எளிதன்று. உணர்ச்சி வெளிப்பாடு நேர்காணலின் முடிவாகிவிடுகிறது. ஆய்வுக்கோ அது தொடக்கமாக இருந்திருக்க வேண்டும்.

காலம்: நினைவின் பிழையும் பயனும்

முதியோரின் நினைவு நம்பத்தக்கதா என்பது வாய்மொழி வரலாறு எதிர்கொள்ளும் பழைய ஐயம். நட்சத்திரங்களைப் பொறுத்தவரை இவ்வையம் இன்னும் வலுவானது. பல்லாண்டுகளாக ஒரே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கூறியவர்களுக்கு நினைவே ஒரு மனப்பாட உரையாகிவிடுகிறது. இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி, 1949இல் நிகழ்ந்த ஒரு தொழிலாளியின் இறப்பைத் தெர்னி நகர மக்கள் பலர் 1953ஆம் ஆண்டு நிகழ்வாக நினைவுகூர்ந்ததை ஆராய்ந்தார். அப்பிழை மறதியால் நேர்ந்ததன்று, அவ்விறப்புக்கு மக்கள் கற்பித்த பொருளால் நேர்ந்தது என்று அவர் விளக்கினார். நட்சத்திரத்தின் பிழையான நினைவும் அவ்வாறே பொருளுடையதாகலாம். ஆனால் அதனைப் பிழையென்று அறிவதற்கு வேறு சான்றுகளைக் கற்றறிந்த ஒருவர் எதிரில் இருத்தல் வேண்டும்.

கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் தேம்ஸ் தொலைக்காட்சிக்காக உருவாக்கி 1980இல் ஒளிபரப்பான ‘ஹாலிவுட்’ என்னும் 13 பகுதித் தொடர் இவ்வகையில் முன்மாதிரியாகும். 1960களிலிருந்தே மௌனப் படக் கலைஞர்களைத் தேடிச்சென்று பேசிவந்தவர் பிரவுன்லோ. கிளோரியா ஸ்வான்சன், கொலீன் மூர், லில்லியன் கிஷ் ஆகிய நட்சத்திரங்களோடு இயக்குநர், ஒளிப்பதிவாளர், சண்டைக் கலைஞர் ஆகியோரும் இத்தொடரில் இடம்பெற்றனர். ஒரே நிகழ்வை வெவ்வேறு பணிநிலையினர் கூறுவதால் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்று சரிபார்க்கிறது.

இத்தொடரில் நடிகை வயோலா டானா, 1920 ஆகஸ்டில் ‘தி ஸ்கைவேமேன்’ படப்பிடிப்பின்போது வானூர்தி விழுந்து இறந்த ஓர்மர் லாக்லியரைப் பற்றிப் பேசும் பகுதி குறிப்பிடத்தக்கது. தாம் காதலித்தவரின் இறப்பை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் அவர் கூறுகிறார். இங்கும் துயரம் உண்டு. ஆனால் சாகசக் காட்சிகளுக்காக உயிர்கள் பணயம் வைக்கப்பட்ட தொழில்முறையை விளக்கும் பகுதியினுள் அத்துயரம் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, பார்ப்பவர் இரங்குவதோடு நில்லாமல் ஒன்றை அறியவும் செய்கிறார்.

இத்தொடரின் மதிப்பை மற்றொரு தரவும் உணர்த்துகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட டேவிட் பியர்ஸின் ஆய்வறிக்கை, 1912 முதல் 1929 வரை வெளியான 10,919 அமெரிக்க மௌனக் கதைப்படங்களுள் 14 விழுக்காடே முதல் வெளியீட்டு வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று கணக்கிட்டது. படமே அழிந்த நிலையில் படைத்தவரின் கூற்றே பல வேளைகளில் முதன்மைச் சான்றாகிவிடுகிறது.

எச்சம்: பேச மறுத்தவர்கள்

சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவு செய்யப்பட வேண்டியதை எச்சம் என்பர். நட்சத்திர நேர்காணல் வரலாற்றில் பேசாமையும் இவ்வாறு பொருள் தருகிறது. 1941க்குப் பின் நடிக்காத கிரேட்டா கார்போ 1990இல் மறையும்வரை தொலைக்காட்சி நேர்காணல் அளிக்கவில்லை. 1940களின் இறுதியில் திரையுலகைத் துறந்து பிரான்சில் வாழ்ந்த டியானா டர்பின், 1983இல் திரைப்பட வரலாற்றாசிரியர் டேவிட் ஷிப்மனிடம் மட்டும் பேசினார். கேரி கிராண்ட் தம் இறுதி ஆண்டுகளில் ஒளிப்பதிவுக்கு இடந்தராத மேடை உரையாடல்களையே விரும்பினார். 1986 நவம்பரில் அத்தகைய ஒரு நிகழ்ச்சிக்கான முன்னேற்பாட்டின்போதே நோயுற்று இறந்தார்.

மேக்சிமிலியன் ஷெல் இயக்கிய ‘மார்லின்’ (1984) ஆவணப்படம் இம்மறுப்பையே பொருளாக்கிக்கொண்டது. மார்லின் டீட்ரிக் தம் குரலைப் பதிவுசெய்ய மட்டுமே இசைந்தார். முதிர்ந்த முகத்தைக் காட்ட மறுத்தார். ஷெல் பழைய படக்காட்சிகளின்மீது அக்குரலை ஒலிக்கச் செய்தார். குரல் மறுக்கிறது, சினங்கொள்கிறது, ஏளனம் செய்கிறது. இறுதியில் ஒரு ஜெர்மானியக் கவிதையின்முன் உடைகிறது. காணும் விருப்பம் முற்றிலும் மறுக்கப்பட்ட இப்படமே நட்சத்திரப் படிமம் பற்றிய ஆழமான அறிவைத் தருகிறது என்பது சிந்திக்கத்தக்கது. முகத்தைக் காணாவிட்டால் நேர்காணலே இல்லை என்னும் எண்ணத்தை இது மறுக்கிறது. மேலும், பேசாமலிருக்கும் உரிமையை இரசிகர் விருப்பம் மீறலாகாது என்பதையும் உணர்த்துகிறது.

கேட்கப்பட்டவையும் கேட்கப்படாதவையும்

பேச இசைந்தோரிடத்தும் எது கேட்கப்பட்டது என்பதே தலையாய சிக்கல். ஒலிவியா டி ஹாவிலண்ட், வார்னர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1944இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பணிமறுத்த நாள்களைக் கூட்டி ஏழாண்டு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டே செல்லும் வழக்கம் அதனால் முடிவுற்றது. அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையின் தொழிலாளர் சட்டத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் தீர்ப்பு அது. ஆயினும் வெகுமக்கள் ஊடகங்கள் அவரைக் குறித்துப் பெரிதும் பேசியவை ‘கான் வித் தி விண்ட்’ படமும், தங்கை ஜோன் ஃபான்டெயினோடு இருந்த பிணக்குமே. ஒரு பெண் தொழிலாளியின் சட்டப் போராட்டம் குடும்பப் பூசலின் நிழலில் மறைந்தது.

பேபி பெக்கியின் நிலை இன்னும் கூர்மையானது. இரண்டு வயதுக்குள்ளேயே நடிக்கத் தொடங்கிய அவர் ஈட்டிய பெருஞ்செல்வம், அவர் வளர்வதற்குள் செலவழிந்துபோனது. அவர் நடித்த குறும்படங்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஆனால் பிற்காலத்தில் டயானா செர்ரா கேரி என்னும் பெயரில் வரலாற்றாசிரியராகிய அவர், ஹாலிவுட் குழந்தை நடிகர்களைப் பற்றி நூல்கள் எழுதினார். 2012இல் வெளியான ‘பேபி பெக்கி: தி எலிஃபன்ட் இன் தி ரூம்’ ஆவணப்படம் அவருடைய கூற்றைப் பதிவுசெய்தது. குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைப் பாதுகாக்க 1939இல் கலிஃபோர்னியாவில் கூகன் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை எந்தச் சட்டநூலையும்விட அக்கூற்று தெளிவாக்குகிறது. அவர் நட்சத்திரமாகவும் ஆய்வாளராகவும் ஒருங்கே பேசியதே அதற்குக் காரணம்.

நடிகை மார்ஷா ஹண்ட் மற்றொரு சான்று. 1947இல் திரையுலகினரின் கருத்துரிமைக்காக வாஷிங்டன் சென்ற குழுவில் இடம்பெற்ற அவர், 1950இல் ‘ரெட் சேனல்ஸ்’ என்னும் வெளியீட்டில் பெயர் குறிக்கப்பட்டு வாய்ப்புகளை இழந்தார். 2022இல் 104ஆம் வயதில் மறையும்வரை அவர் அதனைப் பற்றிப் பேசத் தயங்கியதில்லை. பெரும் நட்சத்திரமாக வளரவிடாமல் தடுக்கப்பட்டவர் என்பதால் பெரும் நட்சத்திரத்துக்குரிய கவனமும் அவருக்குக் கிட்டவில்லை. புகழின் அளவே நேர்காணலுக்கான தகுதியாகும்போது, புகழ் மறுக்கப்பட்டோரின் சான்று இரண்டாம் முறையாகவும் மறுக்கப்படுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. இரசிகரின் எதிர்பார்ப்பை வெற்று ஏக்கமென ஒதுக்குதல் தகாது. பெட்டி ஹட்டனின் கூற்றும் கிம் நோவாக்கின் கூற்றும் பதிவானதற்கு அவ்வெதிர்பார்ப்பு நிலைநிறுத்திய ஓர் அலைவரிசையே காரணம். அதே வேளையில், தோன்றுதலே போதும் என்னும் நிறைவு வினாவின் கூர்மையை மழுங்கச் செய்தது. பணிவும் கூர்மையும் முரண்பட்டவையல்ல என்பதற்குப் பிரவுன்லோவின் தொடர் சான்றாகிறது. அவர் காட்டிய மரியாதை, பேசுவோரின் தொழிலை முன்னரே கற்றுவந்ததில் வெளிப்பட்டது.

2023இல் டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசையின் உயர் பொறுப்பாளர்கள் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, ஸ்டீவன் ஸ்பில்பெர்க், மார்ட்டின் ஸ்கோர்செசி, பால் தாமஸ் ஆண்டர்சன் ஆகிய இயக்குநர்கள் அதன் எதிர்காலத்துக்காகத் தலையிட நேர்ந்தது. ஒரு காலத்தின் வாய்மொழிச் சான்று ஒரு வணிக நிறுவனத்தின் வரவுசெலவைச் சார்ந்திருப்பதன் இடர் அதனால் வெளிப்பட்டது. எஞ்சியிருப்போர் மிகச் சிலர். 1954இல் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தில் அறிமுகமான ஈவா மேரி செயின்ட் 2024 ஜூலையில் 100 வயதை நிறைவுசெய்தார். இனி நிகழும் ஒவ்வொரு பதிவிலும் நட்சத்திரம் மீண்டும் ஒருமுறை தோன்றுவதைவிட, இதுவரை கேட்கப்படாத ஒரு வினா கேட்கப்படுவதே இன்றியமையாதது. ஏற்கெனவே பதிவானவற்றில் கேட்கப்படாமல் விடப்பட்டவை எவை எனப் பட்டியலிடுதல், நேரில் காணும் வாய்ப்பு முற்றும் அற்றபின்னும் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாக எஞ்சி நிற்கிறது.